எறும்பு தொடாத கோலமாவு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மளிகைச் சீட்டும், ரவிக்கை தைக்க எடுத்த அளவும்தான் எழுதியிருக்கிறேன். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லுவேன். மறதியும் உண்டு. பேத்திகளின் பேரையே ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கூப்பிடுகிறேன். என் மகள் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்து, "வாய் திறந்து சொல்லத்தான் மாட்டே, எழுதவாச்சும் செய்யம்மா" என்று வைத்துவிட்டுப் போனாள். அதனால் இந்த ஒன்றை எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரு லாரி இருந்தது. ஒன்றே ஒன்று. வீட்டுக்காரர்தான் முதலாளி, அவரேதான் டிரைவர். நான் சொல்கிற காலத்தில் திருப்பூரில் பனியன் கம்பெனிகள் இன்றைக்கு இருக்கிற மாதிரி வீதிக்கு வீதி கிடையாது. பருத்தியிலிருந்து கொட்டை எடுக்கிற ஜின்னிங் பேக்டரிகள் நிறைய இருந்தன. எங்கள் வண்டி பஞ்சுப் பொதி ஏற்றிக்கொண்டு நூல் மில்லுக்குப் போகும். திரும்பும்போது நூல் மூட்டையோ, காங்கேயத்துத் தேங்காயெண்ணெய் டின்களோ, கிடைத்ததை ஏற்றிக்கொண்டு வரும். அறுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மகள் அப்போது இடுப்பில்.

நான் பேச மாட்டேன். பேசத் தெரியாமல் இல்லை, கூச்சம். வெளி ஆட்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். என் மாமியார் வீதியெல்லாம் கேட்கச் சொல்லுவார்: "எம் மருமவ வாயில இருந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள, கெணத்துல நாலு கொடம் தண்ணி சேந்திரலாம்." சொல்லிவிட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன், சத்தமில்லாமல்.

ஆனால் ஒரு விசயம் எனக்கு நன்றாகத் தெரியும். அது வீட்டுக்காரருடைய சட்டை. வாரம் இரண்டு தடவை அவர் சட்டையையும் காக்கி டவுசரையும் கல்லில் போட்டுத் துவைப்பது நான்தான். டீசல் பட்டால் ஒரு வாசம், இஞ்சின் ஆயில் பட்டால் ஒரு வாசம், கிரீஸ் பட்டால் ஒரு வாசம். சவுக்காரம் எவ்வளவு போட வேண்டும் என்பதை மூக்கை வைத்துத்தான் முடிவு செய்வேன். பிரேக் வேலை பார்த்துவிட்டு வருகிற நாளில் மட்டும் சட்டையில் வேறு ஒரு வாசம் இருக்கும், எங்கள் அம்மா ஊட்டில் கொட்டமுத்தை வறுத்து இடித்துக் காய்ச்சுகிற விளக்கெண்ணெய் மாதிரி. கூடவே ஒரு மருந்து நெடி. அந்தக் காலத்துப் பிரேக் ஆயிலில் விளக்கெண்ணெய் சேர்ப்பார்கள் என்று பின்னால் அவர் சொன்னார். எனக்கு அப்போது காரணம் தெரியாது, வாசம் மட்டும் தெரியும்.

அந்த வருசம் ஆயுத பூசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது வண்டியில் பிரேக் போட்டால் "கர்ர்ர்" என்று இரும்பு அரைகிற சத்தம் வந்தது. வழக்கமாக ரிப்பேருக்கு விடுகிற பட்டறை மேஸ்திரியிடம் அவர் கொண்டுபோய் விட்டார். மேஸ்திரியும் அவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். இவரை அவர் மாப்ளே என்பார், என்னைத் தங்கச்சி என்பார். கெட்ட வேலைக்காரர் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வேலை தெரிந்தவர். ஆனால் வருகிற வண்டியை எல்லாம் "ஆகட்டும் உடுங்க" என்று வாங்கிப் போட்டுக்கொள்வார். அந்த வாரமோ ஊரில் இருக்கிற வண்டி எல்லாம் பூசைக்குத் தயாராக வேண்டும்.

நாலு பக்கமும் சக்கரத்தைக் கழற்றிப் தேய்ந்துபோன பிரேக் பட்டையை, லைனிங் என்பார்கள் அதை, மாற்றினார்கள். முந்தின நாள் தருகிறேன் என்றார், தரவில்லை. பூசையன்றைக்குக் காலையில் என்றார், அதுவும் இல்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல்தான் வண்டி வீட்டுக்கு வந்தது.

அவர் இறங்கும்போதே மாமியார் கேட்டார், "ஏஞ்சாமி, எல்லாஞ் சரியாயிருச்சா?"

"ஆயிருச்சும்மா. பெடலு கொஞ்சம் கீழ போவுது. புது லைனிங்கு, ஓட ஓட உக்காந்துக்கும்னாரு மேஸ்திரி."

அப்புறம் எங்களுக்கு அதைப் பற்றி நினைக்க நேரமில்லை. வாசலில் சாணி தெளித்து வைத்திருந்தேன். வண்டியை அங்கே நிறுத்திக் குளிப்பாட்டினோம். முன்னால் இரண்டு வாழைக்கன்று, கண்ணாடிக்குச் சந்தனம், குங்குமம். வண்டியைச் சுற்றிப் பச்சரிசி மாவில் நான் கோலம் போட்டேன், சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு தாமரை. உள்ளே என் தையல் மிஷினுக்கும் சந்தனம் வைத்துக் கத்தரிக்கோலையும் சாமி முன்னால் வைத்தேன். பூசையில் வைத்ததை மறுநாள் காலையில் எடுக்கிற வரைக்கும் யாரும் தொடமாட்டோம். அரிவாள்மனையைக் கூட வைத்துவிடுவதால் காயெல்லாம் முன்னாடியே அரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். இது எல்லா ஊட்டிலும் உள்ளதுதான். ஆனால் இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது, அதனால் எழுதினேன்.

மறுநாள் விஜயதசமி. அன்றைக்குச் செய்கிற முதல் வேலை நல்லதாக இருந்தால் வருசம் பூராவும் நல்லதாக இருக்கும் என்பது நம்பிக்கை. எங்கள் வழக்கம், முதல் லோடு ஏற்றுவதற்கு முன்னால் வண்டியின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, சிவன்மலை முருகனைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது. நாங்கள் மட்டும் இல்லை. எங்கள் வீதியில் லாரி இருக்கிற ஊடு எங்களுடையது ஒன்றுதான். அதனால் வீதியே வரும். மாமியார் விடிவதற்கு முன்னாலேயே ஒரு பெரிய போசி நிறையப் புளிச்சாதம் கிளறி வைத்திருந்தார். பெண்கள் தலை நிறையக் கனகாம்பரத்தோடு வந்து நின்றார்கள். குழந்தைகள் பின்பக்கம் டோரைத் திறப்பதற்குள் டயரில் கால் வைத்து ஏறிக்கொண்டிருந்தன. எல்லாமாக இருபது பேருக்கு மேல் இருக்கும்.

நான் வாசலைக் கூட்டலாம் என்று விளக்குமாற்றோடு வந்தேன். நேற்றுப் போட்ட கோலத்தை எறும்பு நன்றாகத் தின்றிருந்தது. ஒரு தாமரைக்கும் இதழ் முழுசாக இல்லை. பின்னால் இடது சக்கரத்துப் பக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மாவு அப்படியே இருந்தது. கறுப்பாக நனைந்து இருந்தது. எறும்புச் சாரி அதுவரைக்கும் நேராக வந்து, அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கம் மறுபடி நேராகப் போனது.

குனிந்து ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். விளக்கெண்ணெய் மாதிரி வாசம். மருந்து நெடி.

மாமியாரிடம் போய், "அத்தே, அங்க எண்ணெ ஒழுகியிருக்குதுங்க" என்றேன்.

"விளக்குக்கு ஊத்துனது சிந்தியிருக்கும். போ, போயி புள்ளைக்குச் சட்டை போட்டு உடு. நேரமாச்சு."

விளக்குக்கு எண்ணெய் ஊற்றியதே நான்தான். நல்லெண்ணெய். அதுவும் வண்டிக்கு முன்னால். பின்சக்கரத்துப் பக்கம் நான் விளக்கே வைக்கவில்லை. இதை எல்லாம் மனசுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். வெளியே ஒன்றும் வரவில்லை.

எங்கள் வீதி முடிந்ததும் ஓர் இறக்கம் உண்டு. இறக்கத்துக்கு அடியில் ரயில்வே கேட். ரயில் வருகிற நேரத்தில் கேட்டைச் சாத்திவிட்டால் பருத்தி ஏற்றிய மாட்டு வண்டிகளாக வரிசை கட்டி நிற்கும். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் எங்கள் வண்டி போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. மேலே குழந்தைகள் பாட்டுப் பாட ஆரம்பித்திருந்தன.

அதற்குள் அவர் முன்சக்கரங்களுக்கு அடியில் பழத்தை வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிவிட்டார். அந்தக் காலத்து டீசல் இஞ்சின் நின்ற இடத்தில் உறுமினால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. நான் கத்துகிறவளும் இல்லை. அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமும் இல்லை. "ஏனுங்க" என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை. அவர் கியர் ராடில் கை வைக்கிறார்.

நான் முன்னால் போய், சக்கரத்துக்கு அடியிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டேன். ஒன்றை எடுத்து, அந்தப் பக்கம் போய் இன்னொன்றையும் எடுத்து, இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நின்றேன்.

பாட்டு நின்றது. பூசை வைத்த பழத்தைச் சக்கரம் ஏறுவதற்கு முன்னால் எடுப்பது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"ஐயோ, அம்மிணி! என்ன காரியம் பண்ணிப்போட்டே!" மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மேலே இருந்து ஒரு பெண், "அவளுக்கு என்னமோ ஆயிப்போச்சுங்கக்கா, திருநீறு போடுங்க" என்றாள்.

அவர் இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது. "என்ன புள்ளே இது, நல்ல நாளும் அதுவுமா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்சக்கரத்துப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் போகவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் சொன்னேன். "உங்க சட்டை வாசமுங்க. பிரேக் வேலை பாத்துட்டு வருவீங்கள்ல, அந்த வாசம். கோலத்துல ஒழுகியிருக்குது. எறும்பு தொடலீங்க."

நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவர் கேட்டதே இல்லை. அதனாலேயே போய்ப் பார்த்தார் என்று நினைக்கிறேன். குனிந்தார், தொட்டார், மோந்தார். நேராகப் போய்ச் சீட்டில் ஏறிப் பெடலை மிதித்தார். கால் தரை வரைக்கும் இறங்கியது. மறுபடி மிதித்தார். அதே மாதிரி, வெண்ணெயில் மிதித்தது போல. ஒரு சக்கரத்தில் ஒழுகினாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடுமாம் அந்த வண்டியில்.

பிறகு தலையை வெளியே நீட்டி, "எல்லாரும் எறங்குங்க" என்றார்.

குழந்தைகள் இறங்கவில்லை. வண்டி போகாவிட்டாலும் வண்டியில்தான் இருப்போம் என்று ஒரே பிடிவாதம். அவர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு, மேஸ்திரியைக் கூட்டிவரச் சைக்கிளில் போனார். மாமியார் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கடைசியில் புளிச்சாதப் போசியைத் தூக்கி மேலே கொடுத்துவிட்டார். நின்ற வண்டியிலேயே உட்கார்ந்து எல்லாம் தின்றன. "சிவன்மலை வந்துருச்சா?" என்று ஒன்று கேட்க, "கண்ணு, இப்பத்தான் அவிநாசிபாளையம் தாண்டறோம்" என்று இன்னொன்று சொன்னது. அவிநாசிபாளையம் அந்த வழியிலேயே இல்லை.

மேஸ்திரி புது வேட்டியோடு வந்தார். கையில் துணியில் சுற்றிய ஸ்பானர்கள், சந்தனப் பொட்டோடு. வரும்போதே, "அது வேற ஒண்ணுமில்லீங்க மாப்ளே, டிரம்முல கிரீஸ் உருகியிருக்கும். எங் கை பட்ட வண்டி ஒழுகாது" என்றார்.

"கையி பட்டுச்சா, ஸ்பானர் பட்டுச்சா?" என்றார் இவர். இந்தக் கேள்வி ஏன் அவர் வாயில் வந்தது என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் நுழைந்தார். வெளியே வந்தபோது நெற்றிச் சந்தனத்தில் மண் ஒட்டியிருந்தது.

"கடைசிச் சக்கரம்" என்றார். "ஆயில் பைப்பு மாட்டுற நட்டு. மாட்டிட்டுத் திரும்பிப் பாத்தா ஸ்பானரக் காணோம். ஊட்டுல எல்லாத்தையும் களுவிப் பொட்டு வெச்சுப் பூசைல வெச்சுட்டாங்க. பூசைல வெச்சத எப்படிங்க மாப்ளே எடுக்கறது? கையிலயே முறுக்கி உட்டேன். காலைல வந்து ஒரு சுத்து வெச்சரலாம்னு இருந்தேன்."

"அப்பறம்?"

"மறந்துட்டேன்."

மாமியார் விட்டுவிடவில்லை. "ஏனுங்க மேஸ்திரி, சாமிகிட்ட ஸ்பானரக் குடுத்துட்டீங்க, சரி. நட்டையும் சாமிகிட்டயே உட்டுட்டீங்களா? வண்டி நெறையப் புள்ளைங்க ஏறியிருக்குது பாருங்க!" மேஸ்திரி மேலே பார்த்தார். புளிச்சாதக் கையோடு பத்துப் பதினைந்து முகங்கள் அவரையே பார்த்தன. அந்த மனுசன் தலையைக் குனிந்துகொண்டார்.

சரி, முறுக்கிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். அவர் ஸ்பானரை எடுக்கவே இல்லை. நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன மேஸ்திரி?"

"இன்னைக்கு விஜயதசமி மாப்ளே. நான் இன்னும் வேலைய ஆரம்பிக்கல. மொத வேலையே, ரிப்பேர் பாத்த வண்டியத் திருப்பிப் பாக்கறதா இருந்தா... வருசம் பூரா பாத்த வண்டியெல்லாம் திரும்பி வந்து நிக்குமே. பட்டறைக்குப் போயி ஒரு புது வேலையத் தொட்டுட்டு மத்தியானத்துக்கு மேல வந்தர்றனே."

இவருக்குக் கோபம் ஏறியது. "மத்தியானமா? மொத லோடு எப்பப் போறது, கோயிலுக்கு எப்பப் போறது? அப்ப என் வருசம் மட்டும் எப்படிப் போனாலும் சரியா?" சிறு வயசு முதல் பழகியவர்கள், அன்றைக்குப் பேசுவதை நிறுத்திவிடுவார்கள் போல இருந்தது. இவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. மேஸ்திரி பயந்ததும் பொய்ப் பயம் இல்லை. அன்றைக்கு நாங்களும்தான் முதல் வேலையை நினைத்துச் சாமி கும்பிட்டிருந்தோம்.

ஒரு தடவை வாய் திறந்தவளுக்கு இரண்டாம் தடவை அவ்வளவு கஷ்டமில்லை. மேஸ்திரி வந்ததும் போய் நின்ற கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னேன். "அண்ணா, என் தையல் மிஷினு ஆட்டம் குடுக்குதுங்க. பலகையில ஸ்க்ரூ லூசு. அதைப் பாத்து உடுங்களே. அதுக்கு நீங்க இதுவரைக்கும் கை வெச்சதில்லையே, புது வேலைதான."

மாமியார்தான் முதலில் சிரித்தார். "அடி ஆத்தா! கெணத்துல தண்ணி பொங்கிருச்சு போ!"

மேஸ்திரி உள்ளே வந்து, மிஷினைக் கும்பிட்டு, ஸ்பானரையும் கும்பிட்டு, பெரிய லாரிக்குப் போடுகிற பலத்தோடு அந்தச் சின்ன மிஷினின் கீழே இருந்ததை எல்லாம் முறுக்கினார். முதல் வேலை முடிந்தது. அப்புறம்தான் வெளியே போய் நட்டை முறுக்கினார். அதோடு விடவில்லை. நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, இவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி, குழாயில் இருந்த காற்றை எல்லாம் வெளியேற்றி, புது ஆயில் ஊற்றி, ஒரு மணி நேரத்துக்கு மேல் புது வேட்டியோடு மண்ணில் கிடந்தார். நான் சக்கரத்துக்கு அடியில் புதுசாகக் கோலமாவைத் தூவினேன். எல்லோரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளையாகவே இருந்தது.

கையிலேயே வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை மறுபடி வைத்தேன். சக்கரம் ஏறி நசுங்கின சத்தம் கேட்டது. மேஸ்திரியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். அழுக்கு வேட்டியோடு மலைக்கு வரமாட்டேன் என்றவரை மாமியார்தான், "உங்க பிரேக்கு, நீங்க வராம எப்படி?" என்று இழுத்து உட்கார வைத்தார்.

இறக்கத்தில் போகும்போது கேட் சாத்தியிருந்தது. வரிசையாக மாட்டு வண்டிகள். நான் முன்சீட்டில் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் மிதித்தார். வண்டி கடைசி மாட்டு வண்டிக்குப் பத்தடி இருக்கும்போதே அலுங்காமல் நின்றது. பருத்தி மூட்டை மேல் படுத்திருந்த வண்டிக்காரர் தலையைக் கூடத் தூக்கவில்லை. ரயில் போகிறவரைக்கும் காத்திருந்தோம். அவர் என்னைப் பார்த்து, "எறும்பு எதையெல்லாம் தொடாதுன்னு ஊட்டுக்கு வந்து எழுதிக் குடு" என்றார். அவர் பாராட்டினால் அப்படித்தான் பாராட்டுவார். எனக்கு அது போதும்.

அந்த வருசம் எங்களுக்கும் மேஸ்திரிக்கும் நல்லபடியாகவே போனது. அவர் பட்டறையில் அதற்குப் பிறகு பிரேக் வேலை முடிந்த வண்டியை ஒரு ராத்திரி நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் சாம்பல் தூவி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். கேட்பவர்களிடம் "தங்கச்சி கோலம்" என்பாராம். ஸ்பானரில் ஒரு செட்டைப் பூசைக்கு வைக்காமல் தனியாக வைத்துக்கொண்டார் என்றும் கேள்வி. என் தையல் மிஷின்தான் பாவம். அவர் முறுக்கின முறுக்கில் மூன்று நாள் அசையவே இல்லை. மிஷின்காரரைக் கூப்பிட்டுத் தளர்த்த வேண்டியதாகிவிட்டது. மேஸ்திரியிடம் இதை நான் கடைசிவரை சொல்லவில்லை.

எழுதி முடித்து இவரிடம் படித்துக் காட்டினேன். கட்டிலில் படுத்தபடியே கேட்டுவிட்டு, "இடது சக்கரம் இல்ல, வலது" என்கிறார். மாவைத் தொட்ட விரல் என்னுடையது, எனக்கு இடது என்றுதான் நினைவு. ஆனால் நட்டு இருந்தது சக்கரத்து உள்பக்கமா, பைப்பு முனையிலா என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பிரேக் ஆயிலில் விளக்கெண்ணெய் இருந்தது உண்மையா என்பதும் அவர் வாய்ச்சொல்தான். பழைய லாரி வேலை தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த இடங்களை ஒரு தடவை சரிபார்த்துப் பென்சிலால் திருத்திவிடுங்கள். வாசத்தைப் பற்றி எழுதினதை மட்டும் திருத்த வேண்டாம். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.